பத்து தடை, பதிமூணு செகண்ட்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு பதில் சொல்லும்போது நடுவுல நம்ம ஹர்டில்ஸ் வீராங்கனை ஜோதி யர்ராஜி பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு பேர் கேள்வி அனுப்புவீங்கன்னு எதிர்பார்க்கல. பொண்ணுங்க ஓடுற 100 மீட்டர் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டி ஓடுற ஓட்டம் பத்தி தெரிஞ்சுக்க இத்தனை பேருக்கு ஆசை இருக்குன்னு பார்த்ததும் மனசு நிறைஞ்சு போச்சு. அதனால இந்த தடவை முழுக்க அது மட்டும்தான்.

கேள்வி: 100 மீட்டர் ஓட்டத்துல ஜெயிக்க முடியாத பொண்ணுங்கதான் ஹர்டில்ஸ் பக்கம் போறாங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சு சொல்றாரு. உண்மையா?

பதில்: இல்லைங்க. அமெரிக்காவோட கெயில் டெவர்ஸ் 1992, 1996 ரெண்டு ஒலிம்பிக்ஸ்லயும் தடை இல்லாத 100 மீட்டர்ல தங்கம் வாங்கினவங்க. ஆனா அவங்க மனசு பூரா ஹர்டில்ஸ்லதான் இருந்துச்சு, அதுல மூணு தடவை உலக சாம்பியன், இருந்தும் ஒலிம்பிக் ஹர்டில்ஸ்ல ஒரு மெடல் கூட கிடைக்கல. உலகத்துலயே வேகமான பொண்ணுக்கே இதுல ஒலிம்பிக் மெடல் கை கூடலன்னா இது வேற வித்தைன்னு புரியுதுல்ல?

கணக்கைப் பாருங்க. ஸ்டார்ட்டிங் பிளாக்ல இருந்து முதல் தடை 13 மீட்டர், அதுக்குப் பெரும்பாலும் எட்டு ஸ்டெப். அப்புறம் தடைக்குத் தடை எட்டரை மீட்டர், அந்த இடைவெளில மூணே மூணு ஸ்டெப். மொத்தம் பத்து தடை, கடைசி தடை தாண்டினா பத்தரை மீட்டர் சும்மா ஓடி முடிக்கணும். தடையோட உயரம் 83.8 சென்டிமீட்டர், சராசரி பொண்ணுக்கு கிட்டத்தட்ட தொடை முடியுற இடம்.

இதுல பெரிய சிக்கல் என்னன்னா வேகம் கூடக்கூட இடம் பத்தாது. வெறும் ஓட்டத்துல வேகம் ஏற ஏற ஸ்டெப்பை நீட்டிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க, இங்க எட்டரை மீட்டர் எட்டரை மீட்டர்தான், நீட்டினா தடை மேல போய் மோதுவீங்க, அதனால வேகத்தைக் குறைக்காம ஸ்டெப்பை மட்டும் சுருக்கி படபடன்னு வைக்கணும். இதுக்குப் பேர் ரிதம். கோச்சுங்க தொண்டை கிழிய கத்துறது இதுக்காகத்தான்.

இன்னொண்ணு, பார்க்குற நமக்கு அவங்க குதிக்கிற மாதிரி தெரியும், உண்மையில குதிக்கக் கூடாது. தடைக்கு ரெண்டு மீட்டர் முன்னாடியே காலை எடுத்துடுவாங்க, முன்னால போற கால்ல முட்டி முதல்ல ஏறும், பாதம் கட்டைக்கு மேல ஒட்டி உரசற மாதிரி போகும், உடம்பு முன்னால சாயும், பின்னால வர்ற கால் பக்கவாட்டுல மடிஞ்சு அக்குள் பக்கம் வந்து முன்னால திரும்பும், அதுக்குள்ள முன்கால் தடைக்கு ஒரு மீட்டர் தள்ளி பாதத்தோட முன்பக்கத்துல இறங்கியிருக்கணும். குதிகால் தரையில பட்டா அங்கயே வேகம் செத்துடும். காத்துல இருக்குற நேரத்துல வேகம் எடுக்க முடியாது, அதனால எவ்வளவு சீக்கிரம் தரைக்கு வர்றாங்களோ அவ்வளவு நல்லது. அடுத்த தடவை டிவில பார்க்கும்போது தலையை மட்டும் பாருங்க. நல்ல ஹர்டிலரோட தலை மேலயும் கீழயும் ஆடாது, ஒரே கோடு போட்ட மாதிரி போகும்.

கேள்வி: என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. பிடி மாஸ்டர் அவளை ஹர்டில்ஸ்ல விடுங்கன்னு சொல்றாரு. அவ அப்படி ஒண்ணும் உயரம் இல்ல. இந்த வயசு லேட்டா? இதுல போனா பொழப்புக்கு வழி உண்டா?

பதில்: வயசு லேட் இல்ல சார், சரியான நேரம். உயரம் பத்தி கவலையே வேண்டாம். கெயில் டெவர்ஸ் 160 சென்டிமீட்டர். இன்னைக்கு உலக சாதனை வச்சிருக்குற நைஜீரியாவோட டோபி அமுசன் 156 சென்டிமீட்டர்தான். ஜோதி நல்ல உயரம், ஸ்கூல்ல அவங்களை பிடி சார் கவனிச்சதே அந்த உயரத்தாலதான், ஆனா உயரமா இருக்குறவங்களுக்கு அந்த எட்டரை மீட்டர்ல இடம் நெருக்கும், குட்டையா இருக்குறவங்களுக்கு இடம் தாராளம் ஆனா இடுப்பை உயர்த்திக் கொண்டு போகணும், ஆக மொத்தம் ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு. 18 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்களுக்குத் தடையே 76.2 சென்டிமீட்டர்தான், பெரியவங்க உயரத்துக்குப் போக டைம் இருக்கு.

பொழப்பு பத்தி நேராவே சொல்றேன். ஜோதியோட அப்பா விசாகப்பட்டினத்துல செக்யூரிட்டி வேலை பார்த்தவர், அம்மா வீட்டு வேலையும் ஆஸ்பத்திரில கிளீனிங் வேலையும் பார்த்தவங்க. அந்த வீட்டுல இருந்து ஒரு பொண்ணு ஹைதராபாத்ல இந்திய விளையாட்டு ஆணையத்தோட (சாய்) ஹாஸ்டல், அப்புறம் குண்டூர், அப்புறம் புவனேஸ்வர்ல ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் சென்டர்ல ஜேம்ஸ் ஹில்லியர்னு ஒரு பிரிட்டிஷ் கோச் கிட்டன்னு படிப்படியா போய் அர்ஜுனா விருது வரைக்கும் வந்தாச்சு. எல்லாருக்கும் அந்த அளவு வராது. ஆனா தேசிய அளவுல மெடல் அடிச்சா ரயில்வே, போலீஸ் மாதிரி இடங்கள்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை கிடைக்க வழி இருக்கு, காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் இருக்கு. படிப்பை விடாம பார்த்துக்கோங்க, அது மட்டும் கண்டிப்பு. ஹாஸ்டல் செலக்‌ஷன் வந்தா அங்க சாப்பாடு எப்படி, கோச் யாரு, பொண்ணுங்களுக்கு லேடி வார்டன் இருக்காங்களான்னு நேர்ல போய் பார்த்துட்டு சேருங்க.

கேள்வி: ஜோதி சாதனை பண்ணியும் அதைக் கணக்குலயே எடுத்துக்கலன்னு படிச்சேன். ரெண்டு தடவையாமே! இது என்ன அநியாயம்?

பதில்: கோபம் நியாயம்தான், எனக்கும் அந்தக் கதை படிக்கும்போது வயிறு எரியும். ஆனா ரெண்டும் ஒரே மாதிரி கதை இல்ல, பிரிச்சுப் பார்க்கணும்.

அனுராதா பிஸ்வால் 2002ல 13.38 செகண்ட்ல ஓடி தேசிய சாதனை வச்சாங்க. அதுவே பெரிய விஷயம், இருபது வருஷம் அதை யாராலயும் அசைக்க முடியல. 2020 ஜனவரில மூடபித்ரியில நடந்த பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டில ஜோதி 13.03 ஓடினாங்க. பழைய சாதனையை விட 0.35 செகண்ட் வேகம், ஹர்டில்ஸ்ல இது மலை மாதிரி வித்தியாசம். ஆனா அங்க அவங்களுக்கு ஊக்கமருந்து டெஸ்ட் எடுக்கல, இந்திய தடகள ஃபெடரேஷனோட டெக்னிக்கல் பிரதிநிதியும் இல்ல. அதனால சாதனையா ஏத்துக்கல. யோசிச்சுப் பாருங்க, டெஸ்ட் எடுக்க ஆள் வர்றதும் வராததும் ஓடுற பொண்ணு கையிலயா இருக்கு? இதுல நான் முழுக்க அந்தப் பொண்ணு பக்கம்தான்.

ரெண்டாவது, 2022 ஏப்ரல்ல கோழிக்கோடு ஃபெடரேஷன் கப். 13.09 ஓடினாங்க. அன்னைக்குப் பின்னால இருந்து வீசின காத்து செகண்டுக்கு 2.1 மீட்டர். விதி என்ன சொல்லுதுன்னா 2.0 வரைக்கும்தான் சாதனைக்குச் செல்லும், அதுக்கு மேல போனா ரேஸ்ல ஜெயிச்சது ஜெயிச்சதுதான் ஆனா டைமிங் சாதனைப் பட்டியல்ல ஏறாது. வெறும் 0.1ல போச்சு. இது வேதனைதானே தவிர அநியாயம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா பின்காத்து நிஜமாவே தள்ளும், எங்கயாவது ஒரு கோடு கிழிச்சுத்தான் ஆகணும். இதே விதி டோபி அமுசனுக்கும் வந்துச்சு. 2022 ஜூலைல யூஜீன் உலக சாம்பியன்ஷிப் செமில 12.12 ஓடி உலக சாதனை, கொஞ்ச நேரம் கழிச்சு அதே நாள் ஃபைனல்ல 12.06! ஆனா ஃபைனல்ல காத்து 2.5, அதனால தங்கம் கழுத்துல ஏறிடுச்சு, 12.06 மட்டும் சாதனைப் புத்தகத்துல ஏறல.

ஜோதி என்ன பண்ணாங்க தெரியுமா, கோழிக்கோடு முடிஞ்ச அடுத்த மாசமே, 2022 மே மாசம், சைப்ரஸ்ல லிமசோல்ங்கிற ஊர்ல 13.23 ஓடி முறைப்படி சாதனையை எடுத்துட்டாங்க. கவனிங்க, கணக்குல வராத அந்த 13.03ஐ விட இது மெதுவான டைம், ஆனா இதுதான் ஏட்டுல ஏறுச்சு. அதே மே மாசத்துலயே 13.11, அப்புறம் 13.04. அக்டோபர்ல பெங்களூர்ல 12.82. விதிக்கு உட்பட்டு 13 செகண்டுக்குக் கீழ போன முதல் இந்தியப் பொண்ணு. 2023ல செங்டு பல்கலைக்கழக உலகப் போட்டில 12.78 ஓடி வெண்கலம். பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு நேரா தகுதி பெற எவ்வளவு வேணும்னு கேட்டீங்கன்னா 12.77. நூறில் ஒரு பங்கு! அடுத்த வருஷம் ஃபின்லாந்துல திரும்பவும் அதே 12.78, திரும்பவும் அதே நூறில் ஒரு பங்கு. கடைசியில உலக ரேங்கிங் வழியா பாரிஸ் போனாங்க, 100 மீட்டர் ஹர்டில்ஸ்ல ஒலிம்பிக்ஸ் ஓடின முதல் இந்தியப் பொண்ணு. அங்க முதல் சுத்துல (ஹீட்ஸ்) 13.16, மறுவாய்ப்பு சுத்துல 13.17, அதோட வெளியே. இந்த ரெண்டு நம்பரை மட்டும் பார்த்துட்டு 'போய் என்ன கிழிச்சா'ன்னு எழுதினவங்க இருக்காங்க, அவங்க மேல இருக்குற கோபம்தான் நான் இந்த இதழ் முழுக்க இதை எழுதுறதுக்கே காரணம். நூறில் ஒரு பங்குல வாழ்க்கை நடத்துற ஒருத்தரை ஒரு நாள் ரேஸை வச்சு எடை போடவே கூடாது.

கேள்வி: பி.டி.உஷா ஓடினதும் இதே போட்டிதானே?

பதில்: இல்லை. அது 400 மீட்டர் ஹர்டில்ஸ், தடை கொஞ்சம் தாழ்வு, இடைவெளி அதிகம், வேற விதமான ஓட்டம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல 55.42 ஓடி நூறில் ஒரு பங்குல வெண்கலத்தைத் தவறவிட்டாங்க. அந்த டைமிங்கை 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் சரியா சமன் பண்ணாங்க. வித்யாவைப் பத்தித் தனியா ஒரு இதழ் எழுத ஆசை இருக்கு.

கேள்வி: ஹாங்சோவுல ஜோதி ரேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அம்பயர்கிட்ட சண்டை போட்டாங்களே, என்ன நடந்துச்சு? எனக்கு இன்னும் புரியல.

பதில்: 2023 அக்டோபர் 1 ராத்திரி. ஃபைனல். பக்கத்து லேன்ல சீனாவோட வூ யன்னி, உள்ளூர் ரசிகர்களுக்குச் செல்லப் பொண்ணு. துப்பாக்கி சத்தத்துக்கு முன்னாடியே வூ கிளம்பிட்டாங்க, அந்த அசைவைப் பார்த்து ஜோதியும் எழுந்துட்டாங்க. 2010ல இருந்து விதி கடுமை, ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட்னாலே வெளிய. அதிகாரிங்க ரெண்டு பேருக்குமே சிவப்பு கார்டு காட்டிட்டாங்க.

இங்கதான் ஜோதியோட துணிச்சல். ஆசிய விளையாட்டு ஃபைனல், ஸ்டேடியம் முழுக்க அடுத்த நாட்டு ஜனம், பொதுவா நம்ம பிள்ளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய வந்துடும். ஜோதி நகரவே இல்ல. நான் முதல்ல அசையல, ரீப்ளே பாருங்கன்னு நின்னாங்க. ஒருத்தர் முதல்ல கிளம்பி அவரைப் பார்த்து அடுத்தவர் அசைஞ்சா தப்பு முதல்ல கிளம்பினவர் மேலதான், அது விதியிலயே இருக்கு. அங்கயே ஸ்கிரீன்ல திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டு ரெண்டு பேரையும் ஓட விட்டாங்க, முடிவு அப்புறம் பார்த்துக்கலாம்னு. லின் யூவெய் 12.74ல தங்கம், வூ ரெண்டாவது, ஜோதி 12.91ல மூணாவது. அப்புறம் வூவை தகுதிநீக்கம் பண்ணி ஜோதிக்கு வெள்ளி வந்துச்சு.

மெடல் கிடைச்சதை விட எனக்குப் பெருசா படுறது வேற. ஒரு ஸ்டார்ட்டுக்கு உடம்பு முறுக்கேறி, அப்புறம் வாதாடி, கண்ணுல தண்ணி நிக்க, திரும்ப பிளாக்ல கால் வச்சு 12.91 ஓடுறது சாதாரணம் இல்ல. ஓடி முடிச்ச அப்புறம் எவ்வளவு சொன்னாலும் அந்த நிமிஷம் அவங்க மனசுல என்ன ஓடியிருக்கும்னு நம்மால நினைச்சுக்கூட பார்க்க முடியாது.

பெரிய பெரிய ஆளுங்களுக்கும் இது நடந்திருக்கு. 2010 டெல்லி காமன்வெல்த்ல ஆஸ்திரேலியாவோட சாலி பியர்சன் 100 மீட்டர்ல முதல்ல வந்து, சந்தோஷத்துல சுத்தி வந்து, அப்புறம் ஃபால்ஸ் ஸ்டார்ட்னு புகார் வந்து தங்கம் போச்சு. அதே டெல்லியில அப்புறம் ஹர்டில்ஸ்ல இறங்கி தங்கம் எடுத்தாங்க.

கேள்வி: ஒரு தடையில மோதிட்டா எல்லாம் முடிஞ்சுதா? இத்தனை வருஷ உழைப்பு ஒரு கட்டையில போகுதேன்னு பார்க்கவே கஷ்டமா இருக்கு மேடம்.

பதில்: முதல்ல விதி. தடையைத் தட்டினா ஃபவுல் இல்ல, எத்தனை தடை விழுந்தாலும் வேணும்னே தள்ளாத வரைக்கும் பிரச்சினை இல்ல. காலைத் தடைக்கு வெளிப்பக்கமா கட்டை மட்டத்துக்குக் கீழ கொண்டு போனாத்தான் தப்பு. ஆனா தட்டினா வேகம் போகும், ரிதம் போகும், அடுத்த தடைக்கு மூணு ஸ்டெப் எட்டாது.

நீங்க கேட்ட கஷ்டம் நிஜம். 1992 பார்சிலோனா ஃபைனல்ல கெயில் டெவர்ஸ் எல்லாரையும் விட முன்னாடி, ஒன்பது தடை சுத்தமா தாண்டியாச்சு, பத்தாவதுல முன்கால் இடிச்சு தடுமாறி கிட்டத்தட்ட தவழ்ந்து கோட்டைத் தாண்டினாங்க, அஞ்சாவது இடம். கிரீஸ்ல இருந்து வந்த பரஸ்கேவி பட்டூலிடூ, யாரும் எதிர்பார்க்காத பொண்ணு, தங்கம் எடுத்தாங்க. இதுல டெவர்ஸோட முன்கதை தெரிஞ்சா இன்னும் கனக்கும். 1988க்கு அப்புறம் அவங்களுக்கு தைராய்டு சம்பந்தமான கிரேவ்ஸ் நோய், ரொம்ப நாள் என்னன்னே கண்டுபிடிக்க முடியல, கடைசியில கொடுத்த ரேடியேஷன் சிகிச்சையில பாதம் வீங்கிப் புண்ணாகி, காலையே எடுக்க வேண்டியிருக்கும்னு டாக்டருங்க பேசற அளவுக்குப் போச்சு. அந்தப் பாதத்தோட ஒன்றரை வருஷத்துல 100 மீட்டர் ஒலிம்பிக் தங்கம். அப்படிப் பார்த்தா அந்த பத்தாவது தடையில அவங்க விழுந்ததைப் பத்தி மட்டும் பேசறது எவ்வளவு சின்ன விஷயம்!

2004 ஏதென்ஸ், கனடாவோட பெர்டிட்டா ஃபெலிசியன், அப்போதைய உலக சாம்பியன், முதல் தடையிலயே விழுந்தாங்க, பக்கத்து லேன் ரஷ்யப் பொண்ணையும் சேர்த்து. அந்தப் பக்கத்து லேன் பொண்ணு என்ன பாவம் பண்ணாங்க? 2008 பெய்ஜிங், லோலோ ஜோன்ஸ் முன்னணியில, ஒன்பதாவது தடையைத் தட்டினாங்க, ஏழாவது. அந்த ரேஸ்ல டான் ஹார்ப்பர் தங்கம், சாலி பியர்சன் வெள்ளி, அப்போ அவங்க பேர் சாலி மெக்லெல்லன்.

இப்போ இதோட மறுபக்கம். அதே சாலி 2006 மெல்போர்ன் காமன்வெல்த் ஃபைனல்ல சொந்த நாட்டு ஜனம் முன்னாடி தடையில மோதி விழுந்தவங்க. ஆறு வருஷம் கழிச்சு 2012 லண்டன்ல 12.35 ஓடி ஒலிம்பிக் தங்கம். அன்னைக்கு ரெண்டாவது வந்த ஹார்ப்பர் 12.37. கோட்டைத் தாண்டினதும் யாருக்கும் தெரியல யார் ஜெயிச்சதுன்னு, போர்டைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க, தன் பேர் முதல்ல வந்ததும் சாலி கத்திக்கிட்டே டிராக்ல விழுந்துட்டாங்க. போர்ட்டோ ரிக்கோவோட ஜாஸ்மின் கமாச்சோ-குவின் 19 வயசுல ரியோ ஒலிம்பிக்ஸ் செமில தடையில மோதி வெளிய போய் தேம்பித் தேம்பி அழுதவங்க, அடுத்த ஒலிம்பிக்ஸ்ல 12.37ல தங்கம்.

கென்ட்ரா ஹாரிசன் கதை இன்னும் வேற மாதிரி. 2016 அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுல ஆறாவதா வந்தாங்க, முதல் மூணு பேருக்குத்தான் டிக்கெட், ரியோ போச்சு. ரெண்டே வாரம். லண்டன் போட்டியில 12.20 ஓடி, பல்கேரியாவோட யோர்டாங்கா டோன்கோவா 1988ல வச்ச 12.21ங்கிற உலக சாதனையை உடைச்சாங்க. இருபத்தெட்டு வருஷ சாதனை. உலகத்துலயே வேகமான ஹர்டிலர் அந்த வருஷம் ஒலிம்பிக்ஸ்ல ஓடவே இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு டோக்கியோவுல வெள்ளி கிடைச்சுது.

அதனால, முடிஞ்சுதான்னு கேட்டீங்கன்னா, அந்த ரேஸ் முடிஞ்சுது. அவ்வளவுதான்.

கேள்வி: எங்க வீட்டுல 25 வயசு ஆச்சுன்னா ஓட்டத்தை நிறுத்திட்டுக் கல்யாணம் பண்ணிக்கோன்னு சொல்றாங்க. ஒரு பொண்ணு எத்தனை வயசு வரைக்கும் ஹர்டில்ஸ் ஓடலாம்?

பதில்: இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன்மா. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல நெதர்லாந்தோட ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயன் 30 வயசு, ரெண்டு குழந்தைக்கு அம்மா, நாலு தங்கம் எடுத்தாங்க, அதுல ஒண்ணு 80 மீட்டர் ஹர்டில்ஸ். அப்போ பொண்ணுங்களுக்கு 80 மீட்டர்தான், 100 மீட்டர் ஹர்டில்ஸ் ஒலிம்பிக்ஸுக்கு வந்ததே 1972ல. நியா அலி 2019 தோஹாவுல உலக சாம்பியன் ஆகும்போது ரெண்டு குழந்தைக்கு அம்மா, ஜெயிச்ச அப்புறம் பிள்ளைங்களோடதான் மைதானத்தைச் சுத்தி வந்தாங்க. ஜமைக்காவோட டேனியல் வில்லியம்ஸ் 2015ல உலக சாம்பியன், அடுத்த தங்கத்துக்கு எட்டு வருஷம் காத்திருந்து 2023ல புடாபெஸ்ட்ல 30 வயசுல வாங்கினாங்க. டெவர்ஸ் 40 வயசுல இண்டோர் ஹர்டில்ஸ் ஓடி ஜெயிச்சிருக்காங்க.

இந்த ஓட்டத்துல தடை தாண்டுற நுணுக்கம் உடம்புல ஊறவே பல வருஷம் ஆகும், அதனால நிறைய பேருக்கு நல்ல டைமிங் வர்றதே 25க்கு மேலதான். வீட்டுல பேசும்போது இதைச் சொல்லுங்க. கல்யாணம் பண்ணிக்கிறதும் வேண்டாங்கிறதும் உங்க விருப்பம், ஆனா வயசு ஆயிடுச்சுன்னு யாராவது ஓட்டத்தை நிறுத்தச் சொன்னா அது சரியான காரணம் இல்ல.

கேள்வி: ஜோதிக்கு முட்டியில ஆபரேஷன்னு கேள்விப்பட்டு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. முட்டி ஜவ்வு கிழிஞ்சா ஹர்டில்ஸ் திரும்ப ஓட முடியுமா?

பதில்: 2025 மே மாசம் தென்கொரியாவுல குமியில ஆசிய சாம்பியன்ஷிப். மழையில போட்டி தள்ளிப் போய், கேலரி கிட்டத்தட்ட காலி, அந்த ஈர டிராக்ல 12.96 ஓடி ரெண்டாவது தடவையா ஆசிய தங்கம். முதல் தங்கம் 2023ல பாங்காக்ல. உடம்பு அவ்வளவு நல்லா இருந்த சமயத்துல, கொஞ்ச வாரத்துலயே பிராக்டீஸ்ல முட்டி ஏசிஎல் கிழிஞ்சு டோக்கியோ உலக சாம்பியன்ஷிப் கை விட்டுப் போச்சு.

முட்டியைத் திருகாம பிடிச்சு வைக்கிற ஜவ்வு அது. ஆபரேஷனுக்கு அப்புறம் விளையாட்டுக்குத் திரும்ப பொதுவா ஒன்பது மாசத்துல இருந்து ஒரு வருஷம் சொல்லுவாங்க. ஹர்டிலருக்கு என்ன கூடுதல் கஷ்டம்னா ஒவ்வொரு தடைக்கும் ஒரே காலாலதான் இறங்குறாங்க, மொத்த எடையும் அந்த ஒத்தைக் காலுக்குப் போகும், ஒரு ரேஸுக்கு பத்து தடவை, ஒரு நாள் பிராக்டீஸ்ல எத்தனையோ தடவை. முதல்ல நடை, அப்புறம் தொடைத் தசைக்கு வலு, அப்புறம் நேர் ஓட்டம், அப்புறம் முழங்கால் உயரத் தடை, எல்லாம் முதல்ல இருந்து. உடம்பு தேறின அப்புறமும் மனசு தேற டைம் எடுக்கும், தடை கிட்ட வரும்போது கால் தானா பிரேக் போடும், அதை உடைக்கிறதுதான் கடைசி வேலை.

முடியுமான்னா, திரும்பவும் சாலி பியர்சனைத்தான் சொல்லுவேன். 2015ல ரோம்ல விழுந்து கை எலும்பு மோசமா உடைஞ்சுது. 2016ல ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை, போய் ரியோ போச்சு. கோச் இல்லாம தனக்குத் தானே பிராக்டீஸ் போட்டுக்கிட்டு 2017ல லண்டன்ல, அதே ஒலிம்பிக் ஸ்டேடியத்துல, 12.59 ஓடி உலக சாம்பியன். முட்டி காயம் வேற, கை காயம் வேற, அதை ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு வருஷம் தொலைச்சவங்க திரும்ப உச்சிக்கு வர முடியும்ங்கிறது நடந்த கதை. ஜோதியை 'எப்போ ஓடுவீங்க, எப்போ ஓடுவீங்க'ன்னு கமெண்ட்ல நச்சரிக்காம இருக்குறது நம்ம பங்கு.

கேள்வி: அக்கா, நான் எட்டாவது படிக்கிறேன். நல்லா ஓடுவேன். ஆனா தடை கிட்ட போனா பயத்துல நின்னுடுறேன். என்ன பண்ணலாம்?

பதில்: கண்ணு, பயப்படாதவங்க யாரும் இல்ல. உடனே முழு உயரத் தடைக்குப் போகாதே. தரையில கோடு போட்டு, அப்புறம் குட்டித் தடை வச்சு, இடைவெளியையும் குறைச்சு வச்சு மூணு ஸ்டெப் ரிதம் முதல்ல வரட்டும். பிராக்டீஸுக்கு ஃபோம் சுத்தின தடை, தட்டினா மடங்குற தடையெல்லாம் இருக்கு, உங்க சார்கிட்ட கேளு. கட்டையையே பார்த்துக்கிட்டு ஓடாதே, கண்ணு அதைத் தாண்டி முன்னால இருக்கட்டும். தடைக்கு ரொம்ப கிட்டப் போய் எடுத்தா உயரமா குதிக்க வேண்டி வரும், அதுதான் பயத்தைக் கூட்டும், கொஞ்சம் தள்ளியே காலை எடு.

இன்னொரு விஷயம், இது ரொம்ப முக்கியம். தடையோட அடியில நீட்டிக்கிட்டு இருக்குற ரெண்டு கால் இருக்குல்ல, அது நீ ஓடி வர்ற பக்கம் இருக்கணும். அப்படி இருந்தா உன் கால் இடிச்சாலும் நாலு கிலோ அளவு தள்ளுக்கே தடை முன்னால சாய்ஞ்சுடும், உனக்கு அடி கம்மி. எதிர்ப்பக்கத்துல இருந்து ஓடி வந்து தாண்டினா அது சாயவே சாயாது, உன்னைத்தான் கீழ தள்ளும். பிராக்டீஸ் முடிஞ்சு விளையாட்டுக்குக் கூட திரும்பி வரும்போது தாண்டி வராதே, பக்கத்து லேன்ல நடந்து வா. நாளைக்கு கிரவுண்டுக்குப் போனதும் முதல்ல தடை எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு பார்த்துட்டு அப்புறமா ஸ்பைக்ஸ் கட்டு.